தேளும் புற்றுப்புண்ணும்: இந்தியப் புகையிலை உறைகளில் எச்சரிக்கைப் படங்களின் வரலாறு (1975–2023)

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் விற்கப்படும் சிகரெட் பெட்டிகளில் 1976 முதல் எச்சரிக்கை வாசகமும், எல்லாப் புகையிலைப் பொருள்களின் உறைகளிலும் 2009 முதல் எச்சரிக்கைப் படமும் இடம்பெற்று வருகின்றன. சொல், குறியீடு, நோயுற்ற உடல் என இவ்வெச்சரிக்கை மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளது. இம்மாற்றங்களைச் சட்டங்கள், விதிகள், நீதிமன்ற ஆணைகள், கணக்கெடுப்பு முடிவுகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. படம் எந்த அளவிற்கு அச்சமூட்டுகிறது என்பதைக் காட்டிலும், பார்ப்பவரால் அதனைப் பொருள்கொள்ள இயல்கிறதா, அடுத்துச் செய்ய வேண்டியதை அது சொல்கிறதா, உரியவரின் கண்ணில் அது படுகிறதா என்னும் மூன்று வினாக்களே அதன் பயனை முடிவுசெய்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். முதல் இரண்டு வினாக்களுக்கு இந்திய விதிகள் காலப்போக்கில் விடை கண்டுள்ளன. மூன்றாவது வினா, ஒற்றைச் சிகரெட் விற்பனையால் இன்றும் விடையின்றி நிற்கிறது.

திறவுச்சொற்கள்

எச்சரிக்கைப் படம், புகையிலைக் கட்டுப்பாடு, பொதுச் சுகாதாரம், சட்ட வரலாறு, அச்சவழி அறிவுறுத்தல், ஒற்றைச் சிகரெட் விற்பனை

முன்னுரை

எழுத்தறியாதவருக்கும் செய்தியைக் கொண்டு சேர்க்கும் கருவியாகப் படத்தைக் கருதுவது இந்திய நலவாழ்வுத் துறைக்குப் புதியதன்று. 1960களில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்திற்கென உருவாக்கப்பட்ட தலைகீழான சிவப்பு முக்கோணம் இதற்குத் தக்க சான்றாகும். மத்திய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையில் மக்கள்தொடர்புப் பொறுப்பில் இருந்த தர்மேந்திர குமார் தியாகி இக்குறியீட்டைப் பரப்பியதில் முதன்மைப் பங்காற்றினார். தாய், தந்தை, இரு குழந்தைகள் ஆகியோரின் முகங்களோடு அம்முக்கோணம் மருத்துவமனைச் சுவர்களிலும் ஊர்ப் பொதுவிடங்களிலும் தீட்டப்பட்டது. ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்னும் முழக்கம் தமிழகத்தில் அன்றாடப் பேச்சிலேயே கலந்துவிட்டது. அரசு தன் சொந்தச் சுவரில் தன் படத்தைத் தீட்டிக்கொண்ட காலம் அது. அப்படத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்கும் வணிகர் எவரும் இல்லை.

புகையிலை உறையில் இடம்பெறும் படத்தின் நிலை இதனின்றும் வேறுபட்டது. விற்பவர் தம் பொருளை அழகுபடுத்தி முன்வைக்கும் இடத்திலேயே, அப்பொருள் உயிருக்குக் கேடு என்று அரசு அறிவிக்க வேண்டியுள்ளது. வணிகச் சின்னத்தின் பரப்பு குறைந்தால்தான் எச்சரிக்கையின் பரப்பு கூடும். இதனால் எந்தப் படம், எவ்வளவு பெரிய படம், எந்த நாளிலிருந்து என்னும் ஒவ்வொரு வினாவும் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் வாதத்திற்கு உள்ளாயிற்று. இந்த வாதங்களின் போக்கைத் தொடர்ந்து செல்வதன் வாயிலாக, மக்களின் நடத்தையை மாற்றுவதில் படம் எப்போது பயன்படுகிறது, எப்போது பயனற்றுப் போகிறது என்பதைக் கண்டறிய இக்கட்டுரை முயல்கிறது.

1. சொல்லால் எச்சரித்த காலம்

புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உறுதிசெய்த அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் அறிக்கை 1964 ஜனவரியில் வெளியாயிற்று. அதனையடுத்து அமெரிக்காவில் 1966 முதல் சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் 1975ஆம் ஆண்டின் சிகரெட் ஒழுங்குமுறைச் சட்டம் இதே வழியைப் பின்பற்றியது. 1976 ஏப்ரல் 1 முதல், சிகரெட் புகைத்தல் உடல்நலத்திற்குத் தீங்கானது என்னும் பொருள்பட்ட ஒற்றை வாசகம் ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிடப்பட்டது.

இவ்வாசகத்தில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, சட்டம் சிகரெட்டை மட்டுமே கருத்திற்கொண்டது. உழைக்கும் மக்கள் பெரிதும் பயன்படுத்திய பீடியும் மெல்லும் புகையிலையும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. இரண்டாவது, எச்சரிக்கை முழுமையும் எழுத்தாகவே இருந்தது. 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் எழுத்தறிவு 34.45 விழுக்காடு ஆகும். அதாவது, மூவரில் இருவருக்குப் படிக்க இயலாத வடிவில் அரசின் எச்சரிக்கை அமைந்தது. படிக்கத் தெரிந்தவருக்கும் அவ்வாசகம் எந்த நோய், எந்த உறுப்பு, எவ்வளவு கேடு என்பதைச் சொல்லவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மாற்றமின்றி அச்சிடப்பட்ட ஒரே தொடர், கண்ணுக்குப் பழகிப்போன அலங்காரமாக மாறியதில் வியப்பில்லை.

2. படம் சட்டமானதும் தள்ளிப்போனதும்

உறையில் பெரிய அளவில் நோய்ப்படம் அச்சிடும் முறையைக் கனடா 2001இல் நடைமுறைப்படுத்தியது. முகப்பின் பாதிப் பரப்பை அப்படங்கள் எடுத்துக்கொண்டன. பிரேசில், தாய்லாந்து முதலிய நாடுகள் இதனைத் தொடர்ந்தன. 2003 மே மாதம் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உடன்படிக்கை ஏற்கப்பட்டது. அதன் 11ஆம் பிரிவு, எச்சரிக்கை உறையின் முதன்மைப் பரப்பில் 50 விழுக்காடாகவோ அதற்கு மேலாகவோ இருத்தல் நன்று என்றும், 30 விழுக்காட்டிற்குக் குறையக் கூடாது என்றும் வரையறுத்தது. இந்தியா 2004 பிப்ரவரியில் இவ்வுடன்படிக்கைக்கு ஏற்பளித்தது.

இதே காலத்தில் நிறைவேறிய சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம், 2003, பீடி, குட்கா, மெல்லும் புகையிலை ஆகிய அனைத்தையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. மண்டையோடும் குறுக்கெலும்பும் கொண்ட படம் எச்சரிக்கையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்றும் அது கூறியது. இச்சட்டத்தின்படி 2006 ஜூலையில் வெளியான விதிகள், உறையின் இரு புறங்களிலும் 50 விழுக்காட்டுப் பரப்பைப் படத்திற்கு ஒதுக்கின. அப்போது மத்திய நலவாழ்வுத் துறை அமைச்சராக இருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர் அன்புமணி இராமதாசு. 2008 அக்டோபர் 2 முதல் பொதுவிடங்களில் புகைபிடிக்கத் தடை நடைமுறைக்கு வந்ததும் அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான்.

ஆயினும் படங்கள் உறையை அடைய மூன்று ஆண்டுகள் ஆயின. பீடித் தொழிலை நம்பி வாழும் பல இலட்சம் தொழிலாளரின் வாழ்வாதாரம் சிதையும் என்பது எதிர்த்தரப்பின் முதன்மை வாதம். திருநெல்வேலி, வேலூர் வட்டாரங்களில் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றும் பெண்களை எண்ணிப் பார்ப்பவர் இவ்வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. மண்டையோடும் சடலமும் சமய உணர்வைப் புண்படுத்தும் என்னும் வாதமும் எழுந்தது. நடைமுறைக்கு வரும் நாள் மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மண்டையோட்டுப் படத்தின் கட்டாயத்தை நீக்கியது. பிரணாப் முகர்ஜி தலைமையிலான அமைச்சர்கள் குழு படங்களை மறுஆய்வு செய்தது. 2008 மார்ச்சு மாதம் வெளியான புதிய விதிகளில் படத்தின் பரப்பு முகப்பின் 40 விழுக்காடாகக் குறைந்தது. பின்புறம் வணிகருக்கே விடப்பட்டது. இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நடந்த வழக்குகளின் அழுத்தத்தால், உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான 2009 மே 31 அன்று படங்கள் கட்டாயமாயின.

3. தேள்: உவமையாக நின்ற எச்சரிக்கை

இவ்வாறு நடைமுறைக்கு வந்த படங்கள் மென்மையானவை. புகைக்கும் பொருள்களுக்கு நெஞ்சின் ஊடுகதிர்ப் படமும் பாதிக்கப்பட்ட நுரையீரலின் படமும் தரப்பட்டன. குட்கா முதலிய புகையற்ற பொருள்களுக்குத் தேளின் படம் தரப்பட்டது. தேள் நஞ்சுடையது, புகையிலையும் அவ்வாறே என்பது அப்படத்தின் உட்கருத்து.

இப்படத்தின் குறையை விளங்கிக்கொள்ளத் தொல்காப்பிய உவமவியல் ஒரு வழியைத் தருகிறது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கும் உவமைக்கு அடிப்படைகள் என்பது அவ்வியலின் பகுப்பு. உவமைக்கும் பொருளுக்கும் இவற்றுள் ஒன்றேனும் பொதுவாக அமைய வேண்டும். தேளும் குட்காவும் மெய்யாலும் உருவாலும் ஒப்பன அல்ல. வினையை நோக்கின், தேள் ஒரு நொடியில் கொட்டும், உடனே வலிக்கும். குட்காவோ வாயில் இட்டவுடன் இன்பம் தரும். கேடு பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். எஞ்சுவது பயன் ஒன்றே. இரண்டும் இறுதியில் தீங்கு விளைப்பன. அந்த ஒற்றை ஒப்புமையைக் கண்டுகொள்ளும் பொறுப்பு, அவ்விடத்தில் நின்று பாக்கெட்டைக் கிழிக்கும் மனிதரிடம் விடப்பட்டது. புகையிலை கேடு என்பதை முன்னரே அறிந்தவருக்குத்தான் தேள் பொருள்படும். அறியாதவருக்கு அது தேளாகவே நிற்கும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. இந்தியச் சந்தையில் விலங்கு, பறவைகளின் படங்களுக்கு நெடுங்காலமாக வேறொரு பணி இருந்து வந்துள்ளது. படிக்கத் தெரியாதவர் பொருளை இனங்காண்பதற்கென யானை, மான், மயில், கிளி ஆகியவை உறைகளில் அச்சிடப்பட்டன. சிவகாசித் தீப்பெட்டி ஒட்டுகளில் தொடங்கிக் குடை, பீடி, ஊதுபத்தி வரை இம்மரபு பரவியது. பேச்சு வழக்கில் இதற்கு ‘மார்க்’ என்று பெயர். இத்தகைய சந்தையில் உறைமீது தோன்றும் தேள், எச்சரிக்கை என்பதைக் காட்டிலும் ‘தேள் மார்க்’ என்று கொள்ளப்படும் வாய்ப்பே மிகுதி. வணிகரின் படமொழியில் அரசு பேச முயன்றபோது, அம்மொழியின் பொருள் ஏற்கெனவே வணிகருக்கு உரியதாக இருந்தது.

நுரையீரலின் ஊடுகதிர்ப் படத்திற்கும் இதனை ஒத்த குறை உண்டு. மருத்துவருக்கு அது தெளிவான சான்று. ஊடுகதிர்ப் படத்தைப் படித்துப் பழகாதவருக்கோ நலமான நுரையீரலுக்கும் நோயுற்ற நுரையீரலுக்கும் வேறுபாடு புலப்படாது. எழுத்தறியாதவருக்காகக் கொண்டுவரப்பட்ட படமே மற்றொரு வகை எழுத்தறிவை வேண்டிநின்றது.

4. உடலைக் காட்டிய படங்கள்

2011 மே மாதம் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள் தேளை நீக்கின. புகையற்ற பொருள்களின் உறைகளில் வாய்ப் புற்றுநோயால் சிதைந்த முகங்களின் ஒளிப்படங்கள் இடம்பெற்றன. இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் ஒன்று. மெல்லும் புகையிலை எந்த இடத்தில் வைக்கப்படுகிறதோ அந்த இடத்தின் அருகிலேயே நோய் தோன்றுவதால், இப்படத்தைப் பொருள்கொள்ள உவமை அறிவு வேண்டியதில்லை. படத்தில் காணும் வாயும் பாக்கெட்டைப் பிரிப்பவரின் வாயும் ஒன்றே என்னும் உணர்வு நேரடியாக எழுகிறது.

படம் காட்டும் கேடு, நுகர்வோரின் உடல் அனுபவத்திற்கு எவ்வளவு அண்மையில் உள்ளதோ அவ்வளவு எளிதாக அது பொருள்படும் என்பதை இம்மாற்றம் புலப்படுத்துகிறது. நுரையீரல் கண்ணுக்குத் தெரியாத உறுப்பு. வாயும் கழுத்தும் கண்ணாடியில் நாள்தோறும் காணப்படுபவை. 2014இல் அறிவிக்கப்பட்ட விதிகள் புகைக்கும் பொருள்களுக்கும் நுரையீரலை விடுத்துத் தொண்டைப் புற்றுநோயின் படத்தைத் தேர்ந்தது இதனோடு ஒத்துச் செல்கிறது.

இப்படங்களைக் குறித்து ஓர் அறவினாவும் எழுகிறது. நோயாளியின் சிதைந்த முகம் அச்சத்தின் சின்னமாகக் கோடிக்கணக்கான உறைகளில் அச்சிடப்படும்போது, அதே நோயோடு வாழ்பவர் தம்மை அருவருப்பின் பொருளாக உணரக்கூடும். எச்சரிக்கையின் நோக்கம் நோயாளியைத் தாழ்த்துவதன்று. ஆயினும் படத்தைத் தேர்வோர் இவ்விளைவையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

5. அளவு பற்றிய வழக்கு

2014 அக்டோபர் 15 அன்று வெளியான அறிவிக்கை, உறையின் இரு புறங்களிலும் 85 விழுக்காட்டுப் பரப்பை எச்சரிக்கைக்கு ஒதுக்கியது. அதில் 60 விழுக்காடு படத்திற்கும் 25 விழுக்காடு வாசகத்திற்கும் உரியன. 2015 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வரவேண்டிய இவ்விதி, சார்நிலைச் சட்டமியற்றலுக்கான நாடாளுமன்றக் குழுவின் பரிந்துரையால் ஒத்திவைக்கப்பட்டது. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை மெய்ப்பிக்கும் இந்திய ஆய்வுகள் இல்லை என்னும் கருத்து அக்குழுவின் தலைவரிடமிருந்து வெளிப்பட்டபோது மருத்துவர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. 2016 மார்ச்சில் அக்குழு 50 விழுக்காடு போதும் என்று பரிந்துரைத்தது. எனினும் இராசத்தான் உயர் நீதிமன்றத்தின் ஆணையையொட்டி, 2016 ஏப்ரல் 1 முதல் 85 விழுக்காட்டு விதி நடைமுறைக்கு வந்தது. பெரிய சிகரெட் நிறுவனங்கள் அந்நாளில் உற்பத்தியை நிறுத்தித் தம் எதிர்ப்பைக் காட்டின.

2016 மே மாதம் உச்ச நீதிமன்றம், விதியைக் கடைப்பிடிக்குமாறு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தி, பல்வேறு உயர் நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளைக் கருநாடக உயர் நீதிமன்றத்திற்கு மாற்றியது. கருநாடக உயர் நீதிமன்றம் 2017 டிசம்பர் 15 அன்று 2014ஆம் ஆண்டின் விதிகளை நீக்கித் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பிற்கு உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரி 8 அன்று இடைக்காலத் தடை விதித்தது. மக்களின் உடல்நலமே முதன்மை என்பது அத்தடையின் அடிப்படையாக அமைந்தது.

இவ்வழக்குகள் அண்டை நாடுகளின் அனுபவத்தோடு ஒப்பிடத் தக்கவை. இலங்கை 2012இல் 80 விழுக்காட்டுப் பரப்பை விதித்தபோது புகையிலை நிறுவனம் நீதிமன்றத்தை நாடியது. பரப்பு குறைக்கப்பட்டது. 2015இல் இலங்கை நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 80 விழுக்காட்டை மீட்டெடுத்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அங்கு வாசகம் அச்சிடப்படுகிறது. இரு நாடுகளிலும் அரசின் விருப்பம் மட்டுமே படத்தின் அளவை உறுதிசெய்யவில்லை. நீதிமன்றமும் நாடாளுமன்றமும் வணிக அழுத்தமும் சேர்ந்தே அதனை உறுதிசெய்தன.

6. அச்சமும் வழியும்

அச்சமூட்டும் படம் நடத்தையை மாற்றுமா என்பது உளவியலில் பழைய வினா. இர்விங் சானிசும் சீமோர் பெசுபாக்கும் 1953இல் வெளியிட்ட ஆய்வு, பல் தூய்மை பற்றிப் பள்ளி மாணவர்க்குப் படங்களுடன் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவுகளை அடிப்படையாகக் கொண்டது. சிதைந்த பற்களின் மெய்ப்படங்களைக் கண்ட குழுவினர் மிகுந்த கவலை கொண்டனர். எனினும் அறிவுரையைக் குறைவாகப் பின்பற்றியவர்களும் அவர்களே. ஊடுகதிர்ப் படம், வரைபடம் ஆகிய மென்மையான காட்சிகளைக் கண்டவர்களிடம் மாற்றம் மிகுதியாக இருந்தது. இந்த ஒரு முடிவை மட்டும் கொண்டால் இந்தியாவின் 2009ஆம் ஆண்டுப் படங்களே சிறந்தவை என்று கருத நேரும்.

பிற்கால ஆய்வுகள் இம்முடிவைத் திருத்தின. அவார்டு இலெவந்தாலும் உடன் ஆய்வாளர்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வில், இரணசன்னித் தடுப்பூசி குறித்த அச்சமூட்டும் குறிப்பேடு பல்கலைக்கழக மாணவர்க்கு வழங்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் மருத்துவ மையத்தின் இடம் குறிக்கப்பட்ட வரைபடமும் செல்ல வேண்டிய நேரத்தைத் திட்டமிடும் குறிப்பும் சேர்த்துத் தரப்பட்டன. வரைபடம் பெற்றோரில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் ஊசி போட்டுக்கொண்டனர். பெறாதோரில் அது ஏறத்தாழ 3 விழுக்காடே. அம்மாணவர்கள் மையத்தின் இடத்தை முன்னரே அறிந்திருக்க வேண்டியவர்கள் என்பது கருதத் தக்கது. அச்சம் மனத்தைத் திருப்பியது, வரைபடம் காலை நடக்க வைத்தது. கிம் விட்டே 1992இல் முன்வைத்த கோட்பாடும் இதனையே முறைப்படுத்துகிறது. தப்பிக்கும் வழி தம் கையில் உள்ளது என்று நம்புபவர் கேட்டை எதிர்கொள்கிறார். அந்நம்பிக்கை இல்லாதவர் அச்சத்தை மட்டும் தணித்துக்கொள்ள முயல்கிறார். படத்தைப் பாராதிருத்தல், மறுத்தல், கேலி செய்தல் ஆகியவை அத்தகைய தணிப்பு முயற்சிகள்.

இந்நோக்கில், 2018 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றம் படத்தின் அளவைக் காட்டிலும் முதன்மை வாய்ந்தது. ‘இன்றே கைவிடுக’ என்னும் பொருள்பட்ட வாசகமும் 1800-11-2356 என்னும் கட்டணமற்ற தொலைபேசி எண்ணும் அன்று முதல் எச்சரிக்கையின் பகுதியாயின. தில்லி வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016இல் தொடங்கப்பட்ட இவ்வுதவிச் சேவை, பின்னர் பெங்களூரு நிம்கான்சு முதலிய மண்டல மையங்கள் வழியாகத் தென்னிந்திய மொழிகளுக்கும் விரிந்தது. ஏறத்தாழ 42 ஆண்டுகள் கேட்டை மட்டும் அறிவித்த உறை, முதன்முறையாக அடுத்த படியையும் அறிவித்தது.

7. எண்ணமும் நடத்தையும்

வயதுவந்தோர் புகையிலைப் பயன்பாடு பற்றிய உலகளாவியக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2009–10இலும் 2016–17இலும் நடத்தப்பட்டது. முதல் கணக்கெடுப்பு தேள் காலத்தது. இரண்டாவது கணக்கெடுப்பு 85 விழுக்காட்டுப் படங்கள் வந்த சில மாதங்களுக்குப் பின் நடந்தது. உறையின் எச்சரிக்கையைக் கண்டு பழக்கத்தைக் கைவிட எண்ணியவர்கள், சிகரெட் புகைப்போரில் 38 விழுக்காட்டிலிருந்து 62 விழுக்காடாகவும், பீடி புகைப்போரில் 29 விழுக்காட்டிலிருந்து 54 விழுக்காடாகவும், புகையற்ற பொருள்களைப் பயன்படுத்துவோரில் 34 விழுக்காட்டிலிருந்து 46 விழுக்காடாகவும் உயர்ந்தனர். வயதுவந்தோரில் ஏதேனும் ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 34.6 விழுக்காட்டிலிருந்து 28.6 விழுக்காடாகக் குறைந்தனர்.

இவ்வெண்களைப் படத்தின் வெற்றிக்கு மட்டும் உரியனவாகக் கொள்ளுதல் பொருந்தாது. இடைப்பட்ட காலத்தில் வரிகள் உயர்ந்தன. பல மாநிலங்கள் குட்காவைத் தடைசெய்தன. 2012 அக்டோபர் 2 முதல் திரையரங்குகளில் புகையிலை எதிர்ப்புக் குறும்படங்களும் கட்டாயமாயின. மேலும், கைவிட எண்ணுதல் வேறு, கைவிடுதல் வேறு. இவ்வேறுபாட்டைத் தமிழகத்தின் நிலை கூர்மையாக உணர்த்துகிறது. நாடு முழுவதும் பயன்பாடு குறைந்த அதே காலத்தில், தமிழகத்தில் அது 16.2 விழுக்காட்டிலிருந்து 20.0 விழுக்காடாக உயர்ந்தது. இந்தியா முழுமைக்கும் படம் ஒன்றே. விளைவு ஒன்றாக இல்லை. படம் எந்தச் சூழலில், எந்தக் கடையில், யாருடைய கைக்குச் செல்கிறது என்பதை ஆராயாமல் படத்தின் பயனை அளவிட இயலாது என்பதற்கு இது சான்றாகும்.

8. படம் சென்று சேராத இடம்

இந்தியாவில் சிகரெட் பெரும்பாலும் பெட்டியாக விற்கப்படுவதில்லை. பெட்டிக்கடையிலும் தேநீர்க் கடையிலும் ஒன்று, இரண்டு என்று விற்கப்படுகிறது. வாங்குபவர் கையில் வெள்ளைச் சுருள் ஒன்றே வருகிறது. படம் அச்சிட்ட பெட்டி கடைக்காரரின் மேசையிலேயே தங்கிவிடுகிறது. பெட்டி வாங்கப் பணம் போதாதவர், வீட்டுக்குத் தெரியாமல் புகைக்கத் தொடங்கும் இளைஞர், எப்போதேனும் ஒன்று புகைப்பவர் ஆகியோரே ஒற்றைச் சிகரெட்டை நாடுகின்றனர். எச்சரிக்கை மிகவும் தேவைப்படுவோரும் இவர்களே. எழுத்தறியாத ஏழையின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகக் கொண்டுவரப்பட்ட படம், பெட்டியாக வாங்கும் வசதி படைத்தவரின் கண்ணில்தான் முழுமையாகப் படுகிறது. பீடியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கட்டாக வாங்குபவருக்கும், சிறிய கட்டைச் சுற்றியுள்ள மெல்லிய தாளின் வளைவில் படம் மடிந்து மறைகிறது.

சட்டம் உறையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. உறையிலிருந்து பிரிந்து விற்கப்படும் பொருளைப் பற்றி அத்துணைத் தெளிவாகப் பேசவில்லை. மகாராட்டிர அரசு 2020 செப்டம்பரில் ஒற்றைச் சிகரெட், பீடி விற்பனையைத் தடைசெய்தது. அதே ஆண்டில் மத்திய அரசு உருவாக்கிய சட்டத்திருத்த வரைவிலும் இத்தகைய தடை முன்மொழியப்பட்டது. கனடா வேறொரு வழியைத் தேர்ந்தது. 2023 ஆகஸ்டு 1 அன்று நடைமுறைக்கு வந்த அந்நாட்டு விதிகள், ஒவ்வொரு சிகரெட்டின் மீதும் எச்சரிக்கை வாசகத்தை அச்சிடப் பணிக்கின்றன. ஒற்றைச் சிகரெட் விற்பனை பரவலாக உள்ள இந்தியாவிற்கு அம்முறை கூடுதலாகப் பொருந்தும். ஆயினும் சிகரெட்டின் சிறு பரப்பில் படம் இடம்பெற இயலாது. எழுத்தே இடம்பெறும். 1976இல் தொடங்கிய சிக்கலுக்கே அது மீண்டும் இட்டுச்செல்லும். ஆகவே எழுத்தறியாதவருக்கும் பொருள்படும் சிறு குறியொன்றைக் கண்டறிவது தேவையாகிறது. அத்தகைய குறியைத் தேர்கையில் தேளின் வரலாறு பாடமாக அமையும்.

திரையில் காட்டப்படும் எச்சரிக்கை, உறையைக் காணாதவரையும் சென்றடையும் வாய்ப்புடையது. இணையவழித் திரைத் தளங்களுக்கும் இவ்விதி 2023 செப்டம்பர் 1 முதல் விரிந்தது. எனினும் திரையரங்கில் கண்ட படம் நினைவாக மட்டுமே எஞ்சும். வாங்கும் நொடியில் கையில் இருக்கும் படத்தின் இடத்தை அது முழுமையாக நிரப்ப இயலாது.

முடிவுரை

புகையிலை உறைகளில் எச்சரிக்கை கடந்துவந்த பாதை மூன்று உண்மைகளை முன்வைக்கிறது. முதலாவதாக, படம் என்பதாலேயே அது எல்லோருக்கும் விளங்கிவிடுவதில்லை. ஊடுகதிர்ப் படத்தைப் பொருள்கொள்ளப் பயிற்சி வேண்டும். தேளைப் பொருள்கொள்ள முன்னறிவு வேண்டும். நுகர்வோரின் உடலுக்கு அண்மையான கேட்டைக் காட்டும் படமே இடையீடின்றிப் பொருள்படுகிறது. இரண்டாவதாக, அச்சம் வழியோடு சேர வேண்டும். 1965ஆம் ஆண்டு ஆய்வின் வரைபடமும் 2018ஆம் ஆண்டின் தொலைபேசி எண்ணும் ஒரே பணியைச் செய்கின்றன. மூன்றாவதாக, எவ்வளவு சிறந்த படமும் காணப்படாவிடில் பயன் தராது.

85 விழுக்காடு என்னும் அளவிற்காக நடந்த நெடிய சட்டப் போராட்டம் மதிக்கத் தக்கது. ஆயினும் ஒற்றைச் சிகரெட் வாங்குபவருக்கு அவ்வளவும் சுழியமே. வருங்கால ஆய்வுகள் உறையின் பரப்பை அளப்பதோடு நில்லாமல், கடையில் நிகழும் கொடுக்கல் வாங்கலைக் கண்டு பதிவுசெய்ய வேண்டும். தமிழகத்தில் பயன்பாடு உயர்ந்ததன் காரணங்களை அறிய இத்தகைய களஆய்வுகள் உடனடித் தேவையாகின்றன. ஒரு நாளில் எத்தனைப் பெட்டிகள் முழுமையாக விற்கப்படுகின்றன, எத்தனைச் சிகரெட்டுகள் தனித்தனியே விற்கப்படுகின்றன, வாங்குவோர் எவ்வயதினர் என்பவற்றை ஒரு பெட்டிக்கடையின் முன் நின்று கணக்கிட்டாலே, எச்சரிக்கைப் படத்தைக் காண்போர் யார், காணாதோர் யார் என்பது தெளிவாகும்.